ஜி00, ஜி01, ஜி02, ஜி03: மில்லிங் மெஷின் நகர்வைக் கையால் எழுதிப் பழகுவது எப்படி?

புது ஆபரேட்டர்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் வி.எம்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மில்லிங்) மெஷினில் நிற்கிறேன். நாலு மாதம் ஆகிறது. மெஷினை ஓட்டும் கண்ட்ரோல் ஃபானுக் கம்பெனியுடையது. புரோகிராம் ஆபீஸிலிருந்து வந்துவிடும். ஜாபை (வெட்ட வேண்டிய துண்டை) மெஷினில் பிடிப்பது, ஜீரோ (அளவுகள் தொடங்கும் புள்ளி) எடுப்பது, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவது, அவ்வளவுதான் என் வேலை.

போன வாரம் செட்டர் அண்ணன் லீவு. பிளேட்டின் நடுவில் ஒரு கிளாம்ப் போட வேண்டியிருந்தது. எக்ஸ்60 பக்கத்தில், 25 மி.மீ. அகலம். கட்டர் அதைத் தாண்டிப் போகட்டும் என்று நேராகப் போகும் ஒரு வரியை நானே இப்படி உடைத்து எழுதினேன்:

ஜி01 எக்ஸ்40. எஃப்600
ஜி00 இசட்30.
எக்ஸ்80.
இசட்-3.
எக்ஸ்120.

கிளாம்ப்பைச் சரியாகத் தாண்டியது. அடுத்த நொடி கட்டர் மின்னல் வேகத்தில் பிளேட்டுக்குள் இறங்கி உடைந்தது. 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில். முதலாளி திட்டவில்லை, "ஏன் உடைஞ்சதுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜி01 மேலேயே இருக்கிறதே, அது போதாதா? நகர்வுக் கட்டளைகளை அடியிலிருந்து கையால் எழுதிப் பழக ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

(எக்ஸ், ஒய் படுக்கைவாட்டு அச்சுகள், இசட் மேலும் கீழும், எஃப் வெட்டும் வேகம். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். மெஷினில் அடிக்கும்போது அந்தந்த ஆங்கில எழுத்துதான்.)

பழைய செட்டர்

தம்பி, கை கால் ஒன்றும் ஆகவில்லையே? கட்டர் போனால் போகட்டும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "ஜி01 மேலேயே இருக்கிறதே" என்கிறீர்கள். அதற்கும் கீழே ஜி00 எழுதினீர்களே! ஜி00 என்றால் ரேபிட், வெட்டாமல் முழு வேகத்தில் ஓடுவது. ஜி01 என்றால் ஃபீட், எஃப் வேகத்தில் நேர்க்கோட்டில் வெட்டுவது. ஜி02 கடிகாரச் சுற்றில் வட்டம், ஜி03 எதிர்ச்சுற்றில். நாலும் ஒரே குடும்பம். கடைசியாக யாரைக் கூப்பிட்டீர்களோ அவர்தான் வேலையில் இருப்பார், அடுத்தவரைக் கூப்பிடும் வரை. இரண்டாம் வரியில் ரேபிட் வந்துவிட்டது. எக்ஸ்80 ரேபிட், இசட்-3 ரேபிட். உடையாமல் இருந்திருந்தால் எக்ஸ்120-உம் ரேபிட்தான். நீங்கள் எழுதியதை மெஷின் அப்படியே செய்திருக்கிறது.

இப்படி எழுதியிருக்க வேண்டும்:

ஜி01 எக்ஸ்40. எஃப்600
ஜி00 இசட்30.
எக்ஸ்80.
இசட்2.
ஜி01 இசட்-3. எஃப்100
எக்ஸ்120. எஃப்600

ஜாபுக்கு 2 மி.மீ. மேலே வரை ரேபிட். அங்கிருந்து ஃபீட், அதுவும் இறங்கும்போது மெதுவாக. எஃப்-உம் ஞாபகத்தில் நிற்கும் சங்கதிதான். கடைசி வரியில் எஃப்600 என்று திரும்பச் சொல்லாவிட்டால் 100-லேயே ஊர்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று, நடுவில் பல் இல்லாத கட்டரை இப்படி நேராக இறக்கவே கூடாது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பல்லாவது மையம் வரை வந்திருக்க வேண்டும்.

இனி ஆரம்பத்துக்கு வருகிறேன். ஒரு நகர்வு வரியில் என்ன இருக்கிறது? போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும். எங்கிருந்து என்பது அதில் இல்லை. எப்படி என்பதும் பல வரிகளில் இருக்காது. இரண்டையும் மெஷின் முந்தைய வரிகளிலிருந்து ஞாபகம் வைத்திருக்கிறது. அதனால் ஒரு வரியைத் தனியாகப் படித்து "இது சரி" என்று யாராலும் சொல்ல முடியாது. "இப்போது கட்டர் எங்கே நிற்கிறது, எந்த மோடில் நிற்கிறது" என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வரியைப் படிக்க வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் நோட்டில் நாலு கட்டம் போடச் சொன்னார். வரி, எங்கிருந்து, எங்கே, எந்த மோடு. ஒவ்வொரு வரிக்கும் நாலு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். உங்கள் அஞ்சு வரியை அப்படி எழுதியிருந்தால், நாலாவது வரிக்கு நேரே "ரேபிட், இசட்30-லிருந்து இசட்-3" என்று உங்கள் கையெழுத்திலேயே வந்திருக்கும். பேனா அங்கே நின்றிருக்கும்.

ஓசூர் டூல்ரூம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று: புள்ளி. எக்ஸ்10 வேறு, எக்ஸ்10. வேறு. பல ஃபானுக் மெஷின்களில் புள்ளி இல்லாத 10 என்றால் 10 மைக்ரான், அதாவது 0.010 மி.மீ. பாராமீட்டரை (மெஷினின் உள் செட்டிங்கை) மாற்றி 10 மி.மீ. என்றே எடுக்கும்படியும் வைத்திருப்பார்கள். உங்கள் மெஷின் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், எப்போதும் புள்ளி வையுங்கள். இசட்50. என்று தூக்க நினைத்துப் புள்ளியை விட்டால் அது 50 மி.மீ. உயரத்துக்குப் போகாது, 0.05-க்குத்தான் வந்து நிற்கும். அடுத்த வரியில் எக்ஸ் நகரும்போது எல்லாம் முடிந்துவிடும்.

கேம் புரோகிராமர்

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஒரு பாக்கெட் மில்லிங்குக்கே சாஃப்ட்வேர் ஆயிரக்கணக்கான வரிகள் போடுகிறது. அதை யார் கையால் எழுதப்போகிறார்கள்? புதிதாக வருகிறவர் கேமில் (புரோகிராமைப் போட்டுத் தரும் அந்தச் சாஃப்ட்வேரில்) நேரத்தைப் போட்டால் சம்பளமும் ஏறும். கையால் எழுதுவது ஐ.டி.ஐ. பரீட்சைக்குச் சரி.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்

கேம் கற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை ஐயா. ஆனால் இந்தத் தம்பிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். புரோகிராம் சாஃப்ட்வேரிலிருந்துதான் வந்தது. கிளாம்ப் வந்த இடம் மெஷின் பக்கத்தில். அந்த நேரத்தில் ஆபீஸ் பூட்டியிருக்கும், மெஷின் முன்னால் நிற்பது இவர். ஆயிரம் வரியை எழுதத் தெரிய வேண்டாம், அதில் ஐந்து வரியைப் படித்துத் திருத்தத் தெரிய வேண்டும். எழுதிப் பழகாதவருக்குப் படிக்க வருவதில்லை. இத்தனை வருடத்தில் என் வகுப்பில் நான் கண்டது இது.

தம்பி, மெஷின் ஏன் இப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று என் மாணவர்களும் கேட்பார்கள். எண்களைக் கொடுத்து மில்லிங் மெஷினை ஓட்டுவதை 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார்கள். அப்போது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் போயின, அதன்பின் பல காலம் நாடாதான். ஒவ்வோர் எழுத்தும் நாடாவில் ஒரு வரிசைத் துளை. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமலிருந்தால் நாடா குட்டையாகும். நாடா போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது.

ஞாபகத்தில் நிற்பவை இன்னும் உண்டு. ஜி90 போட்டால் எண்கள் எல்லாம் ஜீரோவிலிருந்து அளந்த இடம். ஜி91 போட்டால் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம். ஜி17, ஜி18, ஜி19 எந்தத் தளத்தில் வட்டம் என்று சொல்பவை. ஜி21 மில்லிமீட்டர். ஜி40 கட்டர் ரேடியஸ் ஆஃப்செட்டையும், ஜி49 டூல் நீள ஆஃப்செட்டையும், ஜி80 துளையிடும் சைக்கிளையும் நிறுத்துபவை. ஜி94 என்றால் எஃப் நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. முந்தைய புரோகிராம் இவற்றை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போனதோ நமக்குத் தெரியாது. அதனால் தலைப்பில் இந்த வரியை எழுதாமல் ஆரம்பிக்காதீர்கள்:

ஜி21 ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90 ஜி94

வாடகை வண்டியில் ஏறியதும் கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் நமக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

ஹோமுக்கு, அதாவது மெஷினின் சொந்த ஆரம்ப இடத்துக்கு அனுப்பும் ஜி28-இல் தனிக் கவனம் வேண்டும். "ஜி91 ஜி28 இசட்0." என்று எழுதினால் நின்ற இடத்திலிருந்து நேரே மேலே ஹோமுக்குப் போகும். அதையே ஜி90-இல் இருந்துகொண்டு "ஜி28 இசட்0." என்று எழுதினால், முதலில் ஜாபின் இசட்0-க்கு ரேபிட்டில் இறங்கி, அப்புறம்தான் ஹோமுக்கு ஏறும். ஜி91 போட்ட கையோடு அடுத்த வரியில் ஜி90 போட்டுவிடுங்கள். இதை மறந்து ஜாபில் குழி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புது ஆபரேட்டர்

நாலு கட்டம் போட்டு என் அஞ்சு வரியை எழுதிப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்ன இடத்திலேயே பேனா நின்றது. இன்றைக்கு முதலாளியிடம் காரணத்தைச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் மெஷின் சும்மா இருக்கும்போது பழகிக்கொள் என்றார்.

100-க்கு 60 அளவில் அலுமினியம் பிளேட், நாலு மூலையிலும் 10 ரேடியஸ், 3 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றி வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதினேன். ஜீரோ இடது கீழ் மூலை. 10 மி.மீ. கட்டர் என்பதால் மையம் 5 மி.மீ. வெளியே போக வேண்டும், மூலையில் மையப் பாதையின் ரேடியஸ் 15. நேர்க்கோடு வந்துவிட்டது. வட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன்:

ஜி01 ஒய்50. எஃப்600
ஜி02 எக்ஸ்10. ஒய்65. ஐ10. ஜே50.
எக்ஸ்90.

ஜாப் இல்லாமல் ஓட்டினேன். இரண்டாம் வரியில் 20 என்று அலாரம் வந்து நின்றது. வட்டத்தின் மையம் எக்ஸ்10, ஒய்50 தானே? எங்கே தப்பு?

ஐ.டி.ஐ. பயிற்றுநர்

மையம் சரி. அதைச் சொன்ன விதம் தப்பு. ஐ, ஜே இரண்டும் வரைபடத்தில் மையம் எங்கே இருக்கிறது என்பதல்ல. வில் தொடங்கும் புள்ளியில் நீங்கள் நின்றுகொண்டு மையத்தைக் கையால் காட்டினால், எக்ஸ் பக்கம் எத்தனை மி.மீ., ஒய் பக்கம் எத்தனை மி.மீ. என்பதுதான் ஐ, ஜே. ஜி90 போட்டிருந்தாலும் ஃபானுக் அப்படித்தான் படிக்கும்.

நீங்கள் நிற்பது எக்ஸ்-5, ஒய்50. மையம் எக்ஸ்10, ஒய்50. வலது பக்கம் 15, மேலே கீழே ஒன்றுமில்லை. ஆக ஐ15. மட்டும் போதும், ஜே சுழி.

நீங்கள் எழுதியதை மெஷின் எப்படிப் புரிந்துகொண்டது? -5 உடன் 10, 50 உடன் 50. மையம் எக்ஸ்5, ஒய்100 என்று எடுத்தது. அங்கிருந்து தொடக்கப் புள்ளிக்குத் தூரம் ஏறக்குறைய 51, முடிவுப் புள்ளிக்கு 35.4. ஒரே வட்டத்தில் இரண்டு ரேடியஸ் இருக்க முடியாதே, அதனால்தான் 20-ஆம் அலாரம். அடுத்த முறை அது வந்தால் இந்த இரண்டு தூரத்தையும் காகிதத்தில் கணக்குப் போடுங்கள், எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் வரியையும் பாருங்கள். ஜி02-க்குப் பிறகு ஜி01 சொல்லாமல் எக்ஸ்90. எழுதியிருக்கிறீர்கள். மோடு இன்னும் வட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் மையமும் இல்லை ரேடியஸும் இல்லை. சில மெஷின் அலாரம் கொடுக்கும். சில மெஷின் செட்டிங்கைப் பொறுத்து நேர்க்கோட்டில் போய்விடும். ஒரு மெஷினில் ஓடிவிட்டது என்று நம்பி அடுத்த மெஷினுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஓசூர் டூல்ரூம்

ஐ, ஜே எதற்கு? ஆர்15. என்று போட்டுவிட்டுப் போகலாமே. டிராயிங்கில் இருப்பதும் ரேடியஸ்தான். நான் மூலை எல்லாம் ஆரில்தான் எழுதுகிறேன்.

பழைய செட்டர்

மூலைக்கு ஆர் போடலாம், தப்பில்லை. ஆனால் பழகுகிறவருக்கு நான் ஐ, ஜே தான் சொல்வேன். ஐ, ஜே போட்டால் முடிவுப் புள்ளியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தாலும் மெஷின் கணக்கு ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிடும். இந்தத் தம்பிக்கு அலாரம் வந்ததே அதனால்தான். ஆர் போட்டால் முடிவுப் புள்ளி தப்பானாலும், அந்த ரேடியஸில் இரண்டு புள்ளியையும் தொடுகிற ஒரு வட்டத்தை மெஷின் தானாகத் தேடிப் போட்டுக்கொள்ளும். சத்தமே இல்லாமல் ஜாப் ரிஜெக்ட் ஆகும்.

அரை வட்டத்துக்கு மேல் போனால் ஆர் மைனஸில் போட வேண்டும், அதுவும் மறந்துபோகும். முழு வட்டம் ஆரில் வரவே வராது. தொடங்கிய இடமும் முடியும் இடமும் ஒன்று என்றால் கட்டர் நகராமல் அங்கேயே நிற்கும். ஐ, ஜே இருந்தால் "ஜி03 ஐ-20." என்று ஒரே வரியில் முழுச் சுற்று வந்துவிடும். கூடவே இசட் ஒன்றும் சேர்த்தால் திருகு மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். துளையைப் பெரிதாக்க அதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஓசூர் டூல்ரூம்

அண்ணா, ஆர் தானாக வட்டம் தேடிக்கொள்ளும் என்பதை நான் யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டு ரவுட்டர்

நான் பட்டறைக்காரி இல்லை. வீட்டில் 3018 என்ற சின்ன ரவுட்டர் மெஷின் வைத்து மரத்தில் பெயர்ப்பலகை செதுக்குகிறேன். அர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோல் சாஃப்ட்வேர் ஓடுகிறது. இதே கட்டளைகள்தான் எனக்கும். வித்தியாசம் இருக்கும் இடங்களைச் சொல்கிறேன், வீட்டில் பழகிவிட்டுப் பெரிய மெஷினுக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

இங்கே எக்ஸ்10 என்று புள்ளியில்லாமல் எழுதினாலும் 10 மி.மீ. தான். இந்தப் பழக்கத்தோடு ஃபானுக் முன்னால் நின்றால் ஆபத்து என்று மேலே படித்ததும் புரிந்தது. ஜி81 மாதிரி துளையிடும் சைக்கிள்கள் இதில் கிடையாது. டாலர் குறியும் சி-யும் அடித்தால் மெஷின் நகராமல் புரோகிராமை மட்டும் சரிபார்க்கும். ஐ, ஜே தப்புகளை எல்லாம் நான் அதில்தான் பிடித்தேன். தம்பி, உங்களுக்கு வாரத்தில் ஒரு மதியம்தான் கிடைக்கிறது என்றால் இப்படி ஒரு சின்ன மெஷினில் தெர்மாகோலை வெட்டிப் பழகலாம். கட்டர் இடித்தாலும் தெர்மாகோல்தான் போகும்.

கேம் புரோகிராமர்

ரேபிட் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜி00 நேர்க்கோட்டில் போகும் என்று நம்பாதீர்கள். ஃபானுக்கில் 1401 என்ற பாராமீட்டரில் ஒரு பிட் இருக்கிறது. அது சுழியாக இருந்தால் ஒவ்வோர் அச்சும் தன் முழு வேகத்தில் தனித்தனியே ஓடும். எக்ஸ்0 ஒய்0-விலிருந்து எக்ஸ்100 ஒய்40-க்கு ஜி00 கொடுத்தால், இரண்டு அச்சுக்கும் ஒரே ரேபிட் வேகம் என்று வையுங்கள், முதலில் 45 டிகிரியில் சாய்ந்து எக்ஸ்40 ஒய்40 வரை போகும், அப்புறம் எக்ஸ் மட்டும் 100 வரை ஓடும். காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தால் எக்ஸ்45-க்கு நேரே ஒய் 18-தான். அதனால் எக்ஸ்45 ஒய்40-இல் இருக்கும் கிளாம்ப் தப்பிக்கும் என்று நினைப்போம். கட்டர் சரியாக அதன் மேலேயே வரும். எங்கள் ஆபீஸில் சிமுலேஷனில் நேராகப் போனது, மெஷினில் கிளாம்ப் போல்ட்டில் இடித்தது. அன்றைக்குத்தான் நான் மேனுவலைத் திறந்தேன்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்

அருமையான உதாரணம் ஐயா. இதை அப்படியே கரும்பலகையில் போடப்போகிறேன். ஜாபுக்கு மேலே எல்லாவற்றையும் தாண்டும் உயரத்துக்கு முதலில் இசட் மட்டும் தூக்குவது, பிறகு எக்ஸ் ஒய், கடைசியில் இசட் இறக்குவது என்ற வரிசை ஏன் என்று இனி மாணவர்கள் கேட்க மாட்டார்கள்.

புது ஆபரேட்டர்

திருத்தி முழுதாக எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பு வரி, டூல், ஜி54 (ஜாபின் ஜீரோ), ஜி43 (டூல் நீள ஆஃப்செட்) எல்லாம் வழக்கம்போல். எஸ்4000 (நிமிடத்துக்கு 4000 சுற்று), மூன்று பல் கட்டர். எஃப்600 என்றால் ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. வருகிறது.

ஜி00 எக்ஸ்-20. ஒய்10.
இசட்2.
ஜி01 இசட்-3. எஃப்200
எக்ஸ்-5. எஃப்600
ஒய்50.
ஜி02 எக்ஸ்10. ஒய்65. ஐ15.
ஜி01 எக்ஸ்90.
ஜி02 எக்ஸ்105. ஒய்50. ஜே-15.
ஜி01 ஒய்10.
ஜி02 எக்ஸ்90. ஒய்-5. ஐ-15.
ஜி01 எக்ஸ்10.
ஜி02 எக்ஸ்-5. ஒய்10. ஜே15.
ஜி01 எக்ஸ்-20.
ஜி00 இசட்50.

பழைய செட்டர்

நாலு மூலையிலும் ஐ, ஜே குறி சரியாக இருக்கிறது. வெளிப்பக்கம் கடிகாரச் சுற்றாகப் போவதால் கிளைம்ப் மில்லிங் (ஒவ்வொரு பல்லும் தடிமனாகக் கடித்து மெலிதாக முடிக்கும் வெட்டு), அதுவும் சரி. ஓட்டலாம். ஆனால் எப்படி ஓட்டுவது என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் ஓட்டம் காற்றில். ஜி54-இன் இசட்டில் 50 மி.மீ. கூட்டிவிட்டு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். முடிந்ததும் அந்த 50-ஐக் குறைக்க மறக்காதீர்கள்.

இரண்டாம் ஓட்டம் ஜாபில். சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரி முடிந்ததும் நிற்பது) ஆன், ரேபிட் 25 சதவீதம், இடது கை ஃபீட் ஹோல்டில் (நகர்வை நிறுத்தி வைக்கும் பட்டனில்). பொசிஷன் பக்கத்தில் "டிஸ்டன்ஸ் டு கோ" என்று ஒரு கட்டம் இருக்கும், கண் அதில் இருக்கட்டும். கட்டர் இறங்கும்போது ஜாபுக்கு இரண்டு விரல் மேலே ஃபீட் ஹோல்டை அழுத்துங்கள். இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று அந்தக் கட்டம் காட்டும். கட்டர் நுனிக்கும் ஜாபுக்கும் இடையே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். 32 இடைவெளி இருக்கிறது, போக வேண்டியது 30 என்றால் இசட்2-இல் நிற்கும், சரி. போக வேண்டியது 80 என்று காட்டினால் ஆஃப்செட்டோ புள்ளியோ எங்கேயோ தவறியிருக்கிறது. ரீசெட் போட்டுவிட்டுத் தேடுங்கள். உங்கள் கட்டர் உடைந்த அன்றைக்கு இப்படி நிறுத்தியிருந்தால் 33 போகப்போகிறேன் என்று திரையே சொல்லியிருக்கும்.

புது ஆபரேட்டர்

ஓட்டிவிட்டேன் அண்ணா! இறங்கும்போது நிறுத்தி ஸ்கேல் வைத்தேன். இடைவெளி 27, திரையில் 25. அதன்பிறகுதான் ஸ்டார்ட் அழுத்தத் தைரியம் வந்தது. நாலு மூலையும் வழவழவென்று வந்திருக்கிறது.

இரண்டு குறை. மைக்ரோமீட்டரில் 100.06 காட்டுகிறது, 60 பக்கம் 60.06. இன்னொன்று, கட்டர் உள்ளே வந்து வெளியே போன இடத்தில், இடது பக்கம் ஒய்10-இல், நகத்தால் தடவினால் தெரிகிற மாதிரி நெட்டுக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது.

பழைய செட்டர்

கோடு ஏன் விழுந்தது என்றால், கட்டர் நேராக ஜாபை நோக்கி வந்து, அங்கே ஒரு கணம் நின்று, பிறகு மேலே திரும்பியது. நிற்கும் இடத்தில் கட்டர் கொஞ்சம் கூடத் தின்னும். நிற்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும். நீங்கள் இப்போது கற்ற வட்டத்தாலேயே அதைச் செய்யலாம். மூலையில் தொடங்காமல் இடது பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். எக்ஸ்-15 ஒய்20-இல் இசட்டை இறக்கிவிட்டு:

ஜி03 எக்ஸ்-5. ஒய்30. ஜே10. எஃப்600
ஜி01 ஒய்50.

சுற்றி முடித்து ஒய்10-க்கு வந்ததும்:

ஜி01 ஒய்32.
ஜி03 எக்ஸ்-15. ஒய்42. ஐ-10.

தொடங்கிய இடத்தை 2 மி.மீ. தாண்டிப் போய் வெளியேறுவதைக் கவனியுங்கள். சேரும் இடம் தெரியாது.

கேம் புரோகிராமர்

100.06-க்கு நான் சொல்கிறேன். மையப் பாதையைக் கையால் கணக்குப் போட்டதால், இப்போது 0.03 உள்ளே தள்ள வேண்டுமென்றால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். இங்கேதான் ஜி41 வருகிறது, கட்டரை அதன் ரேடியஸ் அளவுக்குப் பாதையின் இடப்பக்கம் மெஷினே ஒதுக்கிக்கொள்ளும் கட்டளை. டிராயிங் அளவையே எழுதுங்கள், 0, 100, 60, மூலை ரேடியஸ் 10. கட்டர் ரேடியஸ் 5.000 என்று ஆஃப்செட்டில் போடுங்கள். அளவு கூட வந்தால் அதை 4.970 ஆக்கினால் பக்கத்துக்கு 0.03 உள்ளே போகும். புரோகிராமைத் தொட வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஜி41-ஐ வட்ட வரியில் ஆரம்பிக்க முடியாது, அலாரம் வரும். முதலில் ஒரு சின்ன நேர்க்கோட்டில் ஜி41-ஐ எடுத்துக்கொண்டு, அப்புறம் அண்ணன் சொன்ன ஜி03-இல் உள்ளே நுழையுங்கள். வெளியே வரும்போதும் வட்டத்தை முடித்துவிட்டு, நேர்க்கோட்டில்தான் ஜி40.

புது ஆபரேட்டர்

புரிந்தது. ஜி41-க்கு நேர்க்கோடு, பிறகு ஜி03. நாலு கட்டத்தோடு இன்னொரு கட்டம் சேர்த்துவிட்டேன், "ஆஃப்செட் ஆனா, ஆஃபா" என்று. வரும் சனிக்கிழமை இதே பிளேட்டைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் வெட்டுகிறேன். இன்று இரவு எழுதி நாளைக்கு இங்கே போடுகிறேன், ஓட்டுவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லுங்கள்.